சினை ஊசி அப்பாத்துரையின் பின்சக்கரம்

முக்கூடல் வட்டாரத்தில் கடந்த இருபத்திரண்டு வருஷங்களில் பிறந்த கன்றுகளில் பாதிக்காவது அப்பாத்துரைதான் காரணம். இதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொஞ்சம் பிசகிச் சொன்னாலும் வேறு அர்த்தம் வந்துவிடும் என்ற பயம் அவருக்கு உண்டு. பால் சங்கத்தின் சினை ஊசிக்காரர் அவர். இடது கையில் தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை, வலது கையில் நீளமான ஊசிக் கம்பி, வண்டியின் பின்னால் ஒரு வெள்ளைக் கேன். மாடு கத்த ஆரம்பித்தால் வீட்டுக்காரர்கள் அவருக்குத்தான் போன் செய்வார்கள். காளையின் முகத்தையே பார்த்திராத பசுக்கள் அவர் வந்துபோன ஒன்பது மாதத்தில் கன்று போடும்.

இரண்டு உயிர்களைச் சேர்த்து வைக்கும் வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்தவரால், தன் சொந்த வண்டியில் ஒரு டயரையும் ஒரு ரிம்மையும் சேர்த்து வைக்க முடியவில்லை. அதுதான் இந்தக் கதை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அப்பா உபதேசியார். மகன் செமினரிக்குப் போய்ப் போதகராகி மந்தையை மேய்ப்பான் என்று அவர் நம்பியிருந்தார். மகனுக்கு மந்தையைப் பெருக்கும் வேலைதான் கிடைத்தது. அப்பாத்துரைக்கு அதில் குறை இல்லை. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த நேரம் தவறாமையும் நட்டு போல்ட்டை இறுக்கமாக வைக்கும் பழக்கமும் இந்த வேலைக்கு உதவின. பிற்பாடு அந்த இரண்டாவது பழக்கமே உபத்திரவமாயிற்று.

கேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது சங்கத்துக்குச் சொந்தமானது. உள்ளே திரவ நைட்ரஜன். அதில் முங்கிக் கிடக்கும் உறைவிந்துக் குச்சிகள். மூடியைத் திறந்தால் வெண்புகை வழியும். அந்தக் கேன் இருக்கும்வரை அவர் ஊசிக்கார அண்ணாச்சி. சங்கம் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டால், மாடுகளின் பின்புறத்தைப் பற்றி மட்டும் நிறையத் தெரிந்த ஐம்பத்து மூன்று வயது மனிதர். அப்படிப்பட்டவருக்கு வேறு வேலை எதுவும் காலியில்லை.

மாட்டின் பருவம் ஒரு நாளைக்கு மேல் நிற்காது. காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி; சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி. தவறவிட்டால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். அந்த இருபத்தொரு நாளும் மாடு ஒரு வேளை தவறாமல் தின்னும்.

போன வருஷம் அவருடைய பெட்ரோல் வண்டியின் இன்ஜின் போய்விட்டது. அவர் மனைவி லில்லியின் தம்பி ஜெய்சன் கோயம்புத்தூரில் மின்வண்டிப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். விடுமுறைக்கு வந்தவன் அத்தானின் வண்டியைப் பிரித்து, இன்ஜினைக் கழற்றி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பேட்டரியை அடுக்கினான். பின்பக்கம் நடுவிலேயே மோட்டார் உள்ள ஒரு சக்கரத்தை மாட்டினான்.

"எம்புட்டு பவர்லே இது?" என்று அப்பாத்துரை கேட்டார்.

"எட்டு கிலோவாட் அத்தான். பழைய வண்டின்னு நெனச்சு முறுக்கிராதீங்க. பைய முறுக்கணும்."

"எட்டு எதுக்குலே எனக்கு? நான் என்ன ரேஸுக்கா போறேன்? மாட்டுக்கு ஊசி போடப் போறேன்."

"மாடு காத்துக்கிட்டு நிக்காதுன்னு நீங்கதான சொல்லுவீங்க."

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இதைப் பற்றி என்ன நினைக்கும் என்று கேட்க யாரும் போகவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது. அளவுக்கு மீறி நன்றாக ஓடியது. பெட்ரோல் வண்டி கொஞ்சம் யோசித்துப் புறப்படும். இது யோசிப்பதில்லை. முறுக்கிய கணத்தில் முழு பலமும் சக்கரத்துக்குப் போய்விடும்.

மூன்றாவது மாதம் இடைகால் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலத்தின் மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்தது. முள், ஆணி எதுவும் இல்லை. முக்கூடல் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பீர் மைதீன் வீட்டுக்கே வந்து டயரைக் கழற்றினார். மோட்டார் வயரோடு சேர்த்துச் சக்கரத்தைக் கடைக்குத் தூக்கிப் போவது பெரிய பாடு என்பதால், அன்றிலிருந்து வைத்தியமெல்லாம் அப்பாத்துரை வீட்டு முற்றத்தில்தான்.

"டியூப்ல ஒரு ஓட்ட இல்ல அண்ணாச்சி. வால்வைக் கழுத்தோட திருவி எறிஞ்சிருக்கு."

"யாரு திருவுனா?"

"ஒம்ம வண்டிதான். ரிம்மு சுத்துது, டயரு கூடப் போவல. புரியுதா வே?"

புரிந்தது. மோட்டார் ரிம்மைத் திருப்ப வேண்டும். ரிம் டயரைத் திருப்ப வேண்டும். டயர் மண்ணைத் தள்ள வேண்டும். மண்ணைத் தள்ளும் வேலைக்கு டயர் தயாராகும் முன்பே ரிம் கிளம்பிவிட்டது. டியூப் டயரோடு நின்றுகொண்டது. ரிம்மின் துளை வழியே தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால்வு மட்டும் ரிம்மோடு போனது. உடம்பு ஒரு கட்சி, தலை ஒரு கட்சி. பிய்யாமல் என்ன செய்யும்?

பீர் மைதீன் புது டியூப் போட்டு, டயரிலிருந்து ரிம் வரை மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். "சாயங்காலம் பாரும். கோடு முறிஞ்சிருந்தா டயரு ஊர்ந்திருக்குன்னு அர்த்தம்." சாயங்காலம் பார்த்தபோது ரிம்மிலிருந்த பாதிக் கோடும் டயரிலிருந்த பாதிக் கோடும் ஒரு சாண் தள்ளி நின்றன, பேச்சுவார்த்தை முறிந்த சகலைகளைப் போல.

"வால்வுக்க நட்ட யாரு இம்புட்டு இறுக்குனது?"

"நான்தான். லூசா கெடந்துச்சு."

"லூசாத்தான் கெடக்கணும். நட்டு மேல ஏறி நின்னா வால்வு சாயுதது கண்ணுல படும், நிறுத்திரலாம். நீரு இறுக்கி வச்சா, சாகுத வரைக்கும் அது நேரா நின்னுக்கிட்டே சாகும்."

மிஷன் பள்ளிக்கூடத்தின் நட்டுப் பழக்கம் என்று முன்னால் சொன்னது இதைத்தான். அப்பாத்துரை மனமில்லாமல் நட்டைத் தளர்த்தினார்.

அதற்குப் பிறகு ஊரே வைத்தியம் சொன்னது. காற்றைக் கூட்டி அடிக்கச் சொன்னான் ஜெய்சன். கூட்டினால் டயர் நின்றது. ஆனால் வாய்க்கால் கரையில் வண்டி குதித்தது, வண்டியோடு கேனும் குதித்தது. குச்சிகள் சேதமாகிவிடுமே என்று கரையில் இறங்குமுன் காற்றைக் குறைப்பார்; குறைத்தால் டயர் நழுவும். கேனைக் காப்பாற்றினால் டியூப் போனது, டியூபைக் காப்பாற்றினால் கேன் போகும். முறுக்கை விடும்போது மோட்டாரே பிரேக் பிடிக்கும் வசதி ஒன்று வண்டியில் இருந்தது. அதனால் டயர் முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும் நழுவுகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தினார்கள். பீர் மைதீன் ரிம்மின் உள்விளிம்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினார். டயர் ஏற்றும்போது வழக்கமாகத் தடவும் சோப்புத் தண்ணீரை அடியோடு நிறுத்தினார்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் நடராஜ் ஒருநாள் வந்து சுண்ணாம்பும் கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் குழைத்துத் தந்தார். "எங்க தாத்தா காலத்துல இத வச்சுத்தான் மச்சு கட்டுனாங்க. இன்னும் நிக்கி. ஒம்ம டயரு நிக்காதா?" வீட்டு மச்சு யாரையும் ஏற்றிக்கொண்டு எட்டு கிலோவாட்டில் புறப்படுவதில்லை என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சக்கரம் முழுக்கக் கட்டெறும்பு. அதற்கு மறுநாள் டயர் நழுவியது. எறும்புகள் மட்டும் ஒரு வாரம் விசுவாசமாக இருந்தன.

வினோதம் என்னவென்றால், வைத்தியம் கூடக்கூட நோயும் கூடியது. முதல் டியூப் மூன்று மாதம் தாங்கியது. இரண்டாவது ஐந்து வாரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு பன்னிரண்டு நாள். சோப்பை நிறுத்திய பிறகு எட்டு நாள். அறிவுக்கு ஒத்ததைச் செய்தால் நிலைமை மோசமாவது எந்த மனுஷனையும் உலுக்கும். அப்பாத்துரையை உலுக்கியது. கோயிலில் கண்ணை மூடினால் மஞ்சள் கோடு தெரிந்தது. தெருவில் போகிற எந்த வண்டியானாலும் பின்சக்கரத்தைத்தான் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தை விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மகள் எப்சி, "அப்பா, அது டயரு இல்ல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சிரிக்கும் நிலைமையும் இல்லை. பாப்பாக்குடிப் பக்கம் ஒரு மாட்டுக்குப் பருவம் தவறியது. அடுத்த மாதம் இன்னொன்று. இரண்டு மாட்டுக்காரர்களும் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது புகார் வந்தால் கேனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று பணிவன்புடன் எழுதியிருந்தார்கள். அவர் பகுதியைப் பார்க்க ஒருவர் தயாராக இருப்பதாகவும் ஒரு வரி. பெயர் பெனோ, வயது இருபத்தாறு, பெட்ரோல் வண்டி. பெனோவை அவருக்குத் தெரியும். ஊசிக் கம்பி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

லில்லி கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தாள். உள்ளே போய் ஜன்னல் மாடத்துக்குக் கீழே முழங்காலில் நின்றாள். அந்த மாடத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் ஜெபித்து வாங்கி வந்த எண்ணெய். குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நெற்றியில் ஒரு சொட்டு. எப்சியின் ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டின் ஒரு மூலையில்கூட மஞ்சளாய் ஒரு கறை உண்டு. எப்சி பாஸ். தேர்வுக்கு அவள் படிக்கவும் செய்தாள் என்ற விஷயம் வீட்டில் அதிகம் பேசப்படுவதில்லை.

ஜெய்சன் கடைசி மருந்து ஒன்று சொன்னான்: ரிம் லாக். ரப்பர் பூசிய ஒரு கட்டை. ரிம்மில் துளை போட்டு உள்ளே வைத்து, வெளியிலிருந்து நட்டை முறுக்கினால், அது டயரின் ஓரத்தை ரிம்மோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். "அது மாட்டிட்டா டயரு எங்கயும் போவாது அத்தான். பார்சல்ல அனுப்புதேன்." பார்சல் வரும்வரை வண்டி நிற்க வேண்டும், மாடுகள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வால்வு மறுபடி பிய்ந்தது. நாலு மணிக்குப் பீர் மைதீன் வந்து முற்றத்தில் டயரைக் கழற்றி, ரிம்மைத் துணியால் துடைத்து வைத்தார். அப்போதுதான் போன் அடித்தது.

"ஊசிக்கார அண்ணாச்சியா? பொட்டல்புதூர் சுபைதா பேகம் பேசுதேன். மாடு கத்துது."

"எப்பத்துல இருந்து லாத்தா?"

"மத்தியானம் சோறு தின்னுட்டுப் படுத்தேன், அப்பத்துல இருந்து ஊரக் கூட்டுது. போன தடவயும் இப்பிடித்தான் கத்துச்சு. அது ஓஞ்ச பொறவு வந்து நின்னீங்க."

"அன்னைக்கு டயரு..."

"டயரு கதயெல்லாம் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நான் அன்னைக்குப் புகார் குடுக்கல, குடுத்தேனா? மருமகன் சந்தைக்கு ஏத்திருவோம்னு நிக்கான். சினை பிடிக்காத மாட்ட எதுக்குக் கெட்டித் தீனி போடணும்னு கேக்கான். நான்தான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். நாளைக்கு ஒம்பது மணிக்குள்ள வரலேன்னா, அல்லா மேல ஆணையா நானே சொசைட்டிக்குப் போன் போடுவேன்."

அப்பாத்துரை பதில் சொல்லிக்கொண்டே சிக்னல் தேடித் தெருமுனைக்குப் போனார். பீர் மைதீன் அஸர் தொழுகைக்குப் போனார். பத்துப் பதினைந்து நிமிஷம் முற்றத்தில் யாரும் இல்லை. லில்லியைத் தவிர. அவளை யாரும் கணக்கில் வைக்கவில்லை. சக்கர விஷயத்தில் இதுவரை வைத்ததில்லை.

திரும்பி வந்து இருவருமாக டயரை ஏற்றினார்கள். கடைசி இரண்டு டியூபில் ஒன்று. மற்றதை அப்பாத்துரை பையில் வைத்துக்கொண்டார்.

"சிக்குனு ஏறிட்டு பாரும்," என்றார் பீர் மைதீன்.

"ஆமா," என்றார் அப்பாத்துரை.

ஞாயிற்றுக்கிழமைக்கு நடராஜின் வண்டியைக் கேட்டுப் பார்த்தார். அது நடராஜையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போயிருந்தது. காலை ஆறரைக்குக் கேனைக் கட்டினார்.

"கோயில் உண்டே இன்னைக்கு," என்றாள் லில்லி.

"மாடு என்ன கிழம பாத்தா கத்துது?"

"போயிட்டு வாங்க. இன்னைக்கு ஒண்ணும் ஆவாது." அவள் குரலில் இருந்த நிச்சயம் அவருக்கே கொஞ்சம் தெம்பு தந்தது.

பாப்பாக்குடி தாண்டி இறங்கிப் பார்த்தார். மஞ்சள் கோடு நாலு விரல் நகர்ந்திருந்தது. வால்வு சாய்ந்திருந்தது. பைய முறுக்கினார். எதிரே வந்த நெல் லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கி மறுபடி ரோட்டில் ஏறுகையில் கை தானாக ஒரு சுண்டு கூடுதலாய் முறுக்கிவிட்டது. உஸ். மணி ஏழு நாற்பது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நாற்றங்கால், நடுவில் அவரும் சங்கத்தின் கேனும்.

பொட்டல்புதூர் பஸ் ஒன்று வந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு ஏறப்போனார். அசைந்ததில் மூடியோரம் லேசாகப் புகை கசிந்தது.

கண்டக்டர் படியை மறித்தார். "என்னது அது? புகையுது?"

"மாட்டுக்கு ஊசி மருந்து. குளுர்ச்சிதான், நெருப்பு இல்ல."

"குளுந்தா ஏன் வே புகையுது?"

இதற்கு விடை உண்டு. ஆனால் பஸ் படிக்கட்டில் நின்று சொல்லக்கூடிய விடை அல்ல. அவர் சொல்லத் தொடங்குமுன் முன்சீட்டு அம்மா ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

அப்பாத்துரை ரோட்டோரம் உட்கார்ந்தார். சுபைதா பேகம் ஒன்பது மணிக்கு எடுக்கப்போகும் போன் அவர் காதில் இப்போதே கேட்டது. கேனைச் சங்கத்தின் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடுவதும், பெனோ அதைத் தூக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, வருத்தப்படாதீங்க," என்று உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொல்வதும் தெரிந்தன. பெனோ நல்லவன் என்பதுதான் இன்னும் மோசம். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ மாடுகளைத் தட்டிக்கொடுத்த கை நடுங்கியது. அதைத் தொடையின் அடியில் வைத்துக்கொண்டார். ஜெபிக்கலாம் என்று நினைத்தார், வார்த்தை வரவில்லை. அதனால் ஸ்பானரை எடுத்தார்.

வயரைப் பிரித்து, அச்சைத் தளர்த்தி, சக்கரத்தை இறக்கினார். பலமுறை பார்த்துப் பழகிய வேலை. நெம்பு கம்பியை விட்டு டயரின் ஓரத்தைக் கிளப்பி, உள்ளே விரலை விட்டார். விரல் வழுக்கியது. சோப்பு என்றுதான் முதலில் நினைத்தார். பீர் மைதீன் பழக்கதோஷத்தில் தடவியிருக்கிறார். கேட்டால் மனம் நோகுமே என்று இத்தனை நாளும் கேட்காமல் இருந்தது எவ்வளவு முட்டாள்தனம்! பிறகு விரலை முகர்ந்தார்.

அந்த வாசனை அவருக்குத் தெரியும். டைபாய்டு வந்து கிடந்த ஒன்பது நாளும் நெற்றியில் இருந்த வாசனை. எப்சி ரிசல்ட் பார்த்த அன்று அவள் தலையில் வந்த வாசனை.

ரிம் முழுக்க, ஒரு அங்குலம் விடாமல், அக்கறையாகத் தடவப்பட்டிருந்தது.

கோடு நகர்ந்த ஒவ்வொரு தடவையும் லில்லி கொஞ்சம் கூடுதலாகத் தடவியிருக்கிறாள். கூடுதலாகத் தடவிய ஒவ்வொரு தடவையும் கோடு கூடுதலாக நகர்ந்திருக்கிறது. ரிம் ஈரமாயிருந்ததைப் பார்த்துப் பீர் மைதீன் அப்பாத்துரைதான் சோப்பு போட்டிருப்பார் என்று நினைத்திருக்கிறார். அவரும் மரியாதைக்காரர், கேட்கவில்லை. இரண்டு மரியாதைக்காரர்களுக்கும் ஒரு விசுவாசிக்கும் நடுவில் டயர் வேறு என்ன செய்யும்?

இதில் நியாயமாகவும் இருக்க வேண்டும். முதல் இரண்டு டியூபும் எண்ணெய் படாமலே பிய்ந்தவை. ஊசி போடும் வேலைக்கு எட்டு கிலோவாட் அதிகம், வாய்க்கால் கரைக்குக் காற்று குறைவு. நோய் அங்கேதான் இருந்தது. லில்லி அதற்கு வழியை வழவழப்பாக்கிக் கொடுத்தாள், அவ்வளவுதான். ரோட்டோரம் உட்கார்ந்திருந்த அப்பாத்துரைக்கு இந்த நியாயமெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவருக்குக் கோபமும் வரவில்லை. முற்றத்தில் யாரும் பார்க்காத பத்து நிமிஷத்துக்காகக் குப்பியோடு காத்திருந்த ஒருத்தியின் முதுகு மட்டும் கண்ணில் நின்றது.

ஊசிப் பையில் ஸ்பிரிட் இருந்தது, பஞ்சும் இருந்தது. கம்பியைத் துடைக்க வைத்திருந்தவை. ஸ்பிரிட் முழுவதையும் ஊற்றி ரிம்மைத் துடைத்தார்; டயரின் இரண்டு ஓரங்களையும் துடைத்தார். பஞ்சு தீர்ந்ததும் பனியனைக் கழற்றித் துடைத்தார். விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வரும்வரை தேய்த்தார். கடைசி டியூபைச் சொருகி, வறட்டு ரிம்மில் டயரை ஏற்றுவதற்குள் நகம் ஒன்று கிழிந்தது. கால் பம்பால் டயர் கல்லாகும்வரை காற்று அடித்தார். வால்வின் நட்டை எடுத்து இறுக்கப்போனார். நிறுத்தி, மேலே ஏற்றி லூசாக விட்டார்.

மணி எட்டே முக்கால்.

அதற்குமேல் எட்டு கிலோவாட் வண்டி சைக்கிள் வேகத்தில் போயிற்று. தயிர்ப்பானை சுமந்த கிழவி ஒருத்தியைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு பாலத்திலும் இறங்கித் தள்ளினார், கேன் குதிக்காமல் இருக்க. கோடு இல்லை; பெயின்ட் கையில் இல்லை. அதனால் வால்வைப் பார்த்துப் பார்த்துப் போனார். அது நேராக நின்றது.

சுபைதா பேகம் வாசலில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி ஒன்பது இருபத்தைந்து.

"நம்பர எடுத்து வச்சிட்டேன் அண்ணாச்சி. அமுக்க வேண்டியதுதான் பாக்கி."

"மாடு?"

"எட்டரைக்கே வாய மூடிட்டு."

அவர் உடனே வெந்நீர் கேட்டார். சுபைதா பேகம் அவருடைய பனியனில்லாத சட்டையையும் கிரீஸும் ரத்தமுமான விரலையும் பார்த்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்ச் சோப்பையும் வெந்நீரையும் எடுத்துவந்தாள். சோப்பைப் பார்த்ததும் அப்பாத்துரைக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அது அழுகைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சிரிப்பு.

மாட்டின் வாலை ஒதுக்கிப் பார்த்தார். கண்ணாடி போலத் தெளிந்த சளி இன்னும் வடிந்துகொண்டிருந்தது. நேரம் ஒருவேளை மிச்சமிருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் போகலாம். குச்சியை எடுத்து வெந்நீரில் விட்டு, எண்ணி முப்பது நொடி காத்தார். கை உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிட்டது. அந்த ஒரு இடத்தில் மட்டும் அது என்றுமே நடுங்கியதில்லை.

"பிடிச்சிருமா?"

"தெரியாது லாத்தா. இருவத்தோரு நாள் கத்தாம இருந்தா நம்பலாம்."

"இருவத்தோரு நாள் பாப்பேன். கத்துச்சுன்னா மருமகன் வண்டியக் கொண்டாந்துருவான். நான் போனப் போட்டுருவேன். ஒங்க மேல கோவம் இல்ல அண்ணாச்சி, ஆனா போட்டுருவேன்."

வீட்டுக்கு வந்ததும் லில்லி கேட்டாள்: "வண்டி தொந்தரவு ஒண்ணும் பண்ணலயே?"

"கொஞ்சம்," என்றார்.

எவர் வீட்டு முற்றத்திலும் நின்று மாட்டின் அந்தரங்கத்தைப் பற்றி வெட்கமில்லாமல் விளக்கக்கூடியவர், சொந்த மனைவியிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் பதினெட்டு நாள் திரிந்தார். சொல்லாவிட்டால் அடுத்த முறை மறுபடி தடவுவாள். சொன்னால், இத்தனை மாதமும் அவள் முழங்காலில் நின்றதெல்லாம் கேனைப் பறிகொடுக்கத்தான் என்று ஆகிவிடும். தினமும் காலையில் எழுந்ததும் நாளை எண்ணினார். ஒவ்வொரு போன் மணியிலும் பொட்டல்புதூர் கேட்டது. மாடு சினை பிடிக்காமல் போகும் கனவில்லாமல் ஒரு மத்தியானத் தூக்கம்கூட வாய்க்கவில்லை.

பதினெட்டாம் நாள் ஜெய்சனின் பார்சல் வந்தது. பீர் மைதீன் காலையிலேயே வந்து, ரிம்மில் துளை போட்டு, ரிம் லாக்கை உள்ளே வைத்தார். டயரை ஏற்றுமுன், "டீ குடிச்சிட்டு வாரேன்," என்று எழுந்தார்.

"இரியும் வே. டீ இங்கனயே வரும்," என்றார் அப்பாத்துரை. அவர் சக்கரத்தை விட்டு நகரவில்லை.

லில்லி கதவோரம் வந்து நின்றாள். முந்தானைக்குள் ஒரு கை. மூன்று பேரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். டீயை எப்சி கொண்டுவந்து வைத்தாள், யாரும் எடுக்கவில்லை.

அப்பாத்துரை தலையைத் தூக்காமலே சொன்னார்: "லில்லி, அத இதுல வேண்டாம். கேனு மூடியில வையி."

பீர் மைதீன் ரிம்மையும் லில்லியையும் அப்பாத்துரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, நாலைந்து மாதமாக அப்பாத்துரை மீது போட்டிருந்த சந்தேகத்துக்கு மன்னிப்புக் கேட்பவர் போலச் சட்டென்று டீயை எடுத்துக் குடித்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"அந்த ஞாயித்துக்கிழம."

"அப்போ நான்தான் கெடுத்தேனா?"

"வண்டிக்குப் பவர் கூட. நீ கொஞ்சம் வழிவிட்ட."

அவள் அழுவாள் என்று நினைத்தார். லில்லி அழவில்லை. "எண்ண வழுக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "இத்தன வாட்டி டியூபு வெடிச்சுதே, ஒரு வாட்டியாவது நீங்க கீழ விழுந்தீங்களா? மண்ட ஒடஞ்சுதா? லாரிக்காரன் ஏத்துனானா? அது எதனாலன்னு சொல்லுங்க பாப்போம்."

பீர் மைதீன் மெதுவாக, "அதுவும் சரிதான வே," என்றார்.

அவள் கேனின் மூடியில் ஒரு சொட்டு வைத்தாள். ஒரு சொட்டுதான். குப்பியில் அதற்கு மேல் இல்லை.

இருபத்தொன்றாம் நாள் காலை போகவில்லை, நின்றது. மத்தியானமும் நின்றது. சாயங்காலம் நாலரைக்குப் போன் அடித்தது. திரையில் சுபைதா பேகம். அப்பாத்துரை எடுத்துக் காதில் வைத்ததும் முதலில் கேட்டது மனுஷக் குரல் அல்ல. மாடு. தொண்டையைத் திறந்து, இழுத்து, ஊரைக் கூட்டிக் கத்திய மாடு.

அவர் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார். கண் தானாகவே மூலையிலிருந்த கேனுக்குப் போனது.

"கேக்குதா அண்ணாச்சி?"

"கேக்குது லாத்தா."

"இது தஸ்லிமா வீட்டு மாடு. அடுத்த வீடு. நம்மது அங்கன படுத்து அச போட்டுக்கிட்டு கெடக்கு, இதத் திரும்பிக்கூடப் பாக்கல. இன்னைக்குப் பூரா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது கத்தல." கொஞ்சம் நிறுத்தினாள். "தஸ்லிமா ஒங்களத்தான் கூப்பிடச் சொல்லுதா. புதுசா ஒரு பையன் வாரானாமே, அவன் வேண்டாமாம். காலைல எட்டு மணிக்குள்ள வந்துருவீங்கள்லா?"

ஒரு மாடு ஒருநாள் கத்தாமல் இருந்தால் சினை என்று அர்த்தமல்ல. மூன்று மாதம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தால்தான் நிச்சயம். இதை அவர் ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறார். இன்று தனக்கே விளக்கிப் பார்த்தார். கேட்டுக்கொள்ள ஆளில்லை.

"வந்துருதேன்," என்றார். முற்றத்துக்குப் போய்ப் பின்சக்கரத்தின் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். பீர் மைதீன் புதிதாக இழுத்துவிட்டிருந்த மஞ்சள் கோடு டயரிலிருந்து ரிம்முக்கு ஒரே கோடாக இறங்கியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, நட்டு லூசாகத்தான் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு இன்னும் சகிக்கவில்லை.